மேடு பள்ளம்

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துக் காட்டுக்குள் பேர் ரன் என்று ஒரு ஓடை. அதில் ஒரு சின்ன அருவி. பிட்ஸ்பர்க் நகரத்தில் டிபார்ட்மென்ட் ஸ்டோர் நடத்திய எட்கர் காஃப்மன் குடும்பத்துக்கு அந்த இடம் சொந்தம். வாரக் கடைசியில் வந்து தங்க, அருவியைப் பார்த்தபடி ஒரு வீடு வேண்டும் என்று பிராங்க் லாயிட் ரைட்டிடம் கேட்டார்கள். ரைட் 1935-ல் பிளானை நீட்டினார். வீடு அருவிக்கு எதிரில் இல்லை. அருவியின் தலைமேல் இருந்தது!

'ஃபாலிங்வாட்டர்' என்ற அந்த வீட்டின் புகைப்படத்தை நீங்கள் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். பாறையிலிருந்து மாடிகள் டிராயரை இழுத்து விட்ட மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கீழே தண்ணீர் கொட்டும். ஆர்க்கிடெக்சர் படிக்கிற பிள்ளைகளுக்கு அது கோயில் மாதிரி. 2019-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. சரிவான மனையில் குடும்ப வீடு என்று பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் இந்தப் படத்தைத்தான் நீட்டுகிறார்.

அழகில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குடும்பம் உட்கார்ந்து வெயில் காய்ந்த பாறையை வெடி வைத்துத் தகர்க்காமல், அதையே ஹாலில் கணப்படுப்பின் அடித்தளமாக விட்டு வைத்தாரே, அதற்காக அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆனால் நான் காமர்ஸ் படித்தவன், கை தானாகக் கணக்குப் பக்கம் போகிறது. முதலில் பேசிய தொகை 35 ஆயிரம் டாலர். முடித்தபோது ஒரு லட்சத்து 55 ஆயிரம். நாலரை மடங்குக்குக் கொஞ்சம் கம்மி. நீட்டி விட்ட மாடிக்குப் போட்ட கம்பி போதாது என்று பயந்து ரைட்டுக்குத் தெரியாமல் கூடுதல் கம்பி வைத்தார்கள். அப்படியும் மாடி ஏறக்குறைய 7 அங்குலம் தொங்கிவிட்டது. 1997-ல் அடியில் முட்டுக் கொடுத்து, 2002-ல் உள்ளே இரும்பு வடம் இழுத்து நிறுத்தினார்கள். ஒழுகல் வேறு. அருவியைப் பார்க்க ஆசைப்பட்ட குடும்பம் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. பார்க்க வேண்டுமென்றால் கீழே இறங்கி நடக்க வேண்டும்.

சரிவை எப்படி ரசிப்பது என்பதற்கு அந்த வீடு ஒரு பாடம். அதில் எப்படிக் குடும்பம் நடத்துவது என்று தெரிந்துகொள்ள நான் வேறு வீட்டுக்குத்தான் போவேன். அது பக்கத்திலேயே, திருவனந்தபுரம் நாலாஞ்சிறாவில் இருக்கிறது. லாரி பேக்கரின் சொந்த வீடு, 'ஹேம்லெட்'.

பேக்கர் பிறந்தது 1917-ல், இங்கிலாந்தில். இந்தியாவுக்கு வந்து, கேரளத்து டாக்டரம்மா எலிசபெத்தைக் கல்யாணம் செய்துகொண்டு, இமயமலையில் பித்தோராகரில் பதினைந்து வருடத்துக்குக் குறையாமல் வாழ்ந்தவர். மலையில் வீடு கட்டுவது எப்படி என்று அவருக்கு மலைக்காரர்களே சொல்லிக் கொடுத்தார்கள். 1960-களில் கேரளத்துக்கு இறங்கி வந்தார். 2007-ல் சாகும்வரை கட்டிக்கொண்டே இருந்தார்.

நாலாஞ்சிறாவில் அவருக்குக் கிடைத்தது பாறைச் சரிவு. மற்றவர்கள் பார்த்ததும் உதட்டைப் பிதுக்குகிற மனை. அவர் அதை லெவல் பண்ணவில்லை. முதலில் சின்னதாக ஒன்று கட்டினார். பிறகு தேவை வரவர, காசு வரவர, பாறை விட்ட இடத்தில் ஒரு அறை, மரம் விட்ட இடத்தில் ஒரு முற்றம் என்று வீடு மலைமேல் கொடி படர்கிற மாதிரி வளர்ந்தது. இடித்த வீடுகளின் பழைய மரங்கள், கண்ணாடி பாட்டில்கள் எல்லாம் சுவருக்குள் போயின. புகைப்படம் எடுத்தால் முழு வீடும் ஒரு ஃபிரேமில் அடங்காது. ரைட் வீட்டுக்கும் இதற்கும் முக்கிய வித்தியாசமாக எனக்குப் படுவது இதுதான். அது ஒரு நிமிடத்தில் மனதில் பதிகிற வீடு. இதைப் புரிந்துகொள்ள ஒரு நாள் குடியிருந்து பார்க்க வேண்டும்.

செலவைக் குறைப்பது பற்றி பேக்கர் ஒரு சின்னப் புத்தகம் போட்டார், எல்லாம் கையால் வரைந்த படங்கள். அதில் சரிவு மனைக்கு அவர் சொல்வது ஒரு வரி சமாச்சாரம். சரிவுக்குக் குறுக்கே படுத்த மாதிரி, அதாவது ஒரே மட்டத்தில் ஓடுகிற கோட்டை ஒட்டி நீளவாக்கில் வீட்டை வை. சரிவை வெட்டிக்கொண்டு கீழ்நோக்கி நீட்டாதே. அவ்வளவுதான். படிக்கும்போது 'இதென்ன பெரிய ரகசியம்?' என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் தூக்கிவாரிப் போடுகிறது.

நாலு அடிக்கு ஒரு அடி இறங்குகிற மனை என்று வையுங்கள். வீடு 1,200 சதுர அடி. சரிவோடு 40 அடி, அகலம் 30 அடி என்று வைத்து, முழுக்க வெட்டித் தரையைச் சமமாக்கினால் பின்னால் 10 அடி உயரத்துக்கு மண் சுவர் நிற்கும். வெட்டுகிற மண் 6,000 கன அடி. கொத்தனார் பாஷையில் 60 யூனிட். லாரிக்கு மூன்று யூனிட் என்றாலும் 20 நடை, வெட்டிய மண் உப்பும் என்பதால் அதற்கும் மேலே. அதே 1,200 சதுர அடியைத் திருப்பி, சரிவோடு 20 அடி, குறுக்கே 60 அடி என்று வையுங்கள். மண் 30 யூனிட், சுவர் 5 அடி. இன்னும் ஒரு படி போய், அந்த 20 அடியை நடுவில் பிரித்து இரண்டு மட்டமாக்கினால் மண் 15 யூனிட்தான். இரண்டு மட்டத்துக்கும் நடுவில் இரண்டரை அடி, ஐந்தே படிகள். அறுபது எங்கே, பதினைந்து எங்கே!

தடுப்புச் சுவர் விஷயம் இன்னும் கொடுமை. மண் தள்ளுகிற வேகம் உயரத்தின் வர்க்கத்தில் ஏறும். 5 அடியை 10 அடி ஆக்கினால் தள்ளுவது இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. சுவரைக் கவிழ்க்கப் பார்க்கிற சக்தி எட்டு மடங்கு. மழையில் மண் தண்ணீர் குடித்துவிட்டால் இந்தக் கணக்கும் போதாது. தண்ணீர் வெளியேற சுவரில் ஓட்டை விட வேண்டும், சுவருக்குப் பின்னால் ஜல்லி போட வேண்டும். 'ஓட்டை இருந்தால் அசிங்கமா இருக்கே சார்' என்று சிமென்ட் வைத்து அடைத்த ஒரு வீட்டுக்காரரைக் குன்னூர் பக்கம் எனக்குத் தெரியும். அழகான சுவர். இரண்டு மழைக்காலம் நின்றது.

வெட்டிய மண்ணை வெளியே கொண்டுபோகாமல் கீழ்ப்பக்கம் கொட்டி நிரப்பினால் காசு மிச்சம் என்பார் கான்ட்ராக்டர். மிச்சம்தான். ஆனால் வீட்டின் பாதி கெட்டியான மலைமேல், மீதிப் பாதி நேற்றுக் கொட்டிய மண்மேல். கொட்டிய மண் வருடக்கணக்கில் அமுங்கும், மலை அமுங்காது. இரண்டும் சந்திக்கிற கோட்டில் தரை டைல்ஸ் நேராக விரியும், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. அஸ்திவாரத்தை நிரப்பிய மண்ணையும் தாண்டி இயற்கையான கெட்டி மண்வரை இறக்கினால் தப்பலாம். இறக்கினால் மிச்சமான காசு போய்விடும்.

சரி, பேக்கர் வீட்டில் குறையே இல்லையா? இருக்கிறது. அவரை மகானாக்கிவிட்ட நண்பர்கள் என்னை அடிக்க வரக்கூடும், பரவாயில்லை. சரிவோடு வளர்ந்த வீட்டில் படிகள் வளராமல் இருக்காது. முப்பது வயதில் ஐந்து படி என்பது ரசனை. எழுபதில் அது மூட்டுவலி. எண்பதில், ராத்திரி பாத்ரூம் போகும்போது, ஆபத்து. படம் எடுக்கிற பத்திரிகைக்காரர்கள் படியை எடுக்கிறார்கள், அதில் ஏறுகிற பாட்டியை எடுப்பதில்லை.

ஆகவே சரிவு மனையில் குடும்பத்துக்குப் பிளான் போடும்போது முதல் கேள்வி வியூ எந்தப் பக்கம் என்பது அல்ல. சாலை மட்டத்தில் யார் என்பது. சாலை மேலே, மனை கீழ்நோக்கி இறங்குகிறது என்றால், அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் வந்து இறங்குகிற மட்டத்தில் சமையலறை. அதே மட்டத்தில், ஒரு படிகூட இல்லாமல், பெரியவர்களுக்கு ஒரு படுக்கையறையும் பாத்ரூமும். மற்ற படுக்கையறைகள் கீழே போகட்டும். நம் ஊர் பழக்கத்துக்கு இது தலைகீழ், 'மாடி'க்குத் தூங்கக் கீழே இறங்க வேண்டும். காலேஜ் படிக்கிற பையன் சந்தோஷமாக இறங்குவான், கீழே அவனுக்குத் தனி வாசல் வேறு. மலைப்பக்கம் வெளிச்சம் வராது, ஈரம் வரும். ஸ்டோர் ரூம், நடை, பாத்ரூம் எல்லாம் அந்தப் பக்கம். அப்போதும் வீட்டுச் சுவரை மண்ணோடு ஒட்டாமல் மூன்று அடி இடைவெளி விட்டு அதில் ஒரு வடிகால் ஓட விட்டால்தான் பீரோவில் பட்டுப்புடவை பூசணம் பிடிக்காது. செப்டிக் டேங்க் எல்லா பாத்ரூமுக்கும் கீழே இருக்க வேண்டும். சொன்னால் சிரிப்பீர்கள், டேங்கை மேலே கட்டிவிட்டு மோட்டார் வைத்து ஏற்றுகிறவர்கள் உண்டு.

இதிலெல்லாம் மனையடி சாஸ்திரம் வந்து குறுக்கே நிற்கும். தென்மேற்கு உயர்ந்து வடகிழக்கு தாழ்ந்திருக்க வேண்டும் என்பார்கள். மலை அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை. தென்மேற்காகச் சரிகிற மனைக்கு லாரி லாரியாக மண் அடித்து 'சரி' செய்கிறவர்களை என்ன சொல்வது? நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால் அந்தப் பத்தடி நிரப்பு மண்ணின் கீழே இன்னொருவர் வீடு இருக்கிறது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் செத்தார்கள். எல்லாமே வெட்டினதால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிப்பட்ட மழை அது. ஆனாலும் செங்குத்தாக வெட்டி விட்ட மலை மழைக்கு வேலையைச் சுலபமாக்குகிறது.

எனக்கு வீட்டுக்காரர்கள்மேல் கோபம் கம்மி. தப்பு அவர்களுக்கும் முன்னாலேயே நடந்துவிடுகிறது. சரிவுக்குக் குறுக்கே 60 அடி வீடு வைக்க வேண்டுமென்றால் மனை சாலையோரம் 70 அடியாவது இருக்க வேண்டும். லே-அவுட் போடுகிறவர் சாலையோர நீளத்தைக் காசாகப் பார்க்கிறார். சமவெளியில் போட்ட அதே முப்பதுக்கு அறுபதை மலைமேல் கார்பன் காப்பி எடுத்து, ஒவ்வொரு மனையையும் நாக்கு மாதிரி கீழே தொங்க விடுகிறார். அந்த மனையில் பேக்கரே வந்தாலும் சரிவை வெட்டித்தான் ஆக வேண்டும். 'ஹில் வியூ', 'மிஸ்டி' என்று பெயர் வைத்த ப்ரோஷர்கள் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். வழவழப்பான காகிதம், மேகம், சிரிக்கிற குடும்பம், வாஸ்து கியாரண்டி. பிளான் உண்டு, எலிவேஷன் உண்டு. வீட்டைக் கேக் மாதிரி குறுக்கே வெட்டி, தரை எங்கே ஆரம்பித்து எங்கே இறங்குகிறது, எந்த மண் பழசு, எது கொட்டினது என்று காட்டுகிற செக்‌ஷன் படம் ஒன்றில்கூட இல்லை. ஒரு கம்பெனிக்குப் போன் போட்டு அதைக் கேட்டேன். எதிர்முனையில் இருந்த பெண் மரியாதையாக, "கஸ்டமர்ஸ் யாரும் அதைக் கேக்கிறதில்ல சார்" என்றார்.