விடுதலை நாளும் தேயிலைத் தோட்டப் பெயர்களும்

நாட்டு வரலாற்றின் ஒரு நாளை ஊருக்கும் தெருவுக்கும் பெயராகச் சூட்டும் வழக்கத்தை, இடப்பெயராய்வாளர் மக்களின் நாட்டுணர்வுக்குச் சான்றாகக் கொள்வதுண்டு. புவெனஸ் அயர்ஸ் நகரின் ‘ஜூலை 9’ பெருஞ்சாலை 1816ஆம் ஆண்டின் விடுதலை அறிவிப்பையும், இத்தாலிய நகரங்களின் ‘செப்டம்பர் 20’ தெருக்கள் 1870இல் ரோமாபுரி கைப்பற்றப்பட்டதையும் நினைவூட்டுவன. மலேசியாவில் நாளெண்ணைவிட ‘மெர்டேக்கா’ என்னும் சொல்லே இப்பணியைப் பெரிதும் செய்கிறது. கோலாலம்பூரின் மெர்டேக்கா அரங்கத்திலும் மெர்டேக்கா சதுக்கத்திலும் 1957 ஆகஸ்டு 31 அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இவ்வளவுகோல் பயன்படாது. போ, சுங்கை பாலாஸ், ஃபேர்லி, புளூ வேலி ஆகிய பெயர்களுள் ஒன்றிலும் அந்நாளின் சுவடு இல்லை. மலைக்கே 1885இல் அப்பகுதியை அளந்த வில்லியம் கேமரனின் பெயர்தான். போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் போர்ட் கிள்ளான் ஆயிற்று, தெலுக் ஆன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆயிற்று, கேமரன் மாறவில்லை. இதைக்கொண்டு தோட்டத் தமிழரின் நாட்டுணர்வை அளப்பது பெரும்பிழை. பெயரிடுதல் உடைமையாளரின் செயல். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டமாயினும் பிறவாயினும், லயம் நிர்வாகத்துக்குரியது; வேலை போனால் வீடும் போகும். அவ்விடத்திற்குக் கொழுந்து பறிப்பவர் எந்த நாளின் பெயரைச் சூட்டியிருக்க இயலும்?

அந்நாள் தோட்டத்திற்குள் வந்தது பெயர்ப்பலகை வழியாக அன்று, பிறப்புப் பத்திரத்தின் வழியாக. 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 அக்டோபருக்கு முன்வரை கூட்டரசில் பிறந்தோர் சட்டப்படியே குடிமக்களாயினர். அதற்கு முன் பிறந்தோருள் பலர் வசிப்புக் காலத்தையும் பிற தகுதிகளையும் மெய்ப்பித்து விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஒரே லயத்தில் பிறந்த அக்காளும் தம்பியும் சட்டத்தின் முன் இருவேறு நிலையினராகக்கூடும். 1969இல் குடியுரிமையற்றோர்க்கு வேலைப் பெர்மிட் கட்டாயமானபோது பல்லாயிரவர் கப்பலேறினர்.

‘மெர்டேக்கா’ வடமொழிச் சொல்லின் வழிவந்தது என்பதை நாம் மாணவர்க்குப் பெருமையுடன் கற்பிக்கிறோம். டச்சுக்காரரின் பத்தாவியாவில் அதன் திரிபான ‘மார்டைக்கர்’, விடுவிக்கப்பட்ட அடிமைகளையும் அவர்தம் வழியினரையும் குறித்தது. அவர்களுள் சோழமண்டலக் கரையினரும் இருந்தனர். இதனைப் பெரும்பாலும் சொல்லாமல் விடுகிறோம்.

இனித் தோட்டங்களுக்குக் களப்பணி செல்லும் மாணவர் பெயர்ப்பலகைகளைப் படமெடுப்பதோடு திரும்பலாகாது. குடும்பத்தார் இசைந்தால், லயத்துத் தகரப் பெட்டிகளில் காக்கப்படும் பிறப்புப் பத்திரங்களையும் சிவப்பு அடையாள அட்டைகளையும் அவற்றோடு சேர்த்துப் படித்தல் வேண்டும்.