பதினாறு எழுத்தில் அடங்கிய வழக்கு

தம்பி மேல் ஒரு விபத்து வழக்கு. 2021-ல் அவன் பைக் மோதி ஒரு பெரியவருக்குக் கால் முறிந்தது. தப்பு அவனுடையதா இல்லையா என்பது கோர்ட் பாடு. என் பாடு வாய்தா. "அடுத்தது எப்போ?" என்று கேட்டால் குமாஸ்தா "பாத்துச் சொல்றேம்மா" என்பார். பார்க்க நூறு ரூபாய். அரை நாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறிப் போய் நின்றால் அன்றைக்கு மாஜிஸ்திரேட் லீவு.

அப்போதுதான் கோர்ட் வாசல் ஜெராக்ஸ் கடைப் பையன் கேட்டான்: "அக்கா, சி.என்.ஆர். நம்பர் இருக்கா?"

அந்த ஒரு கேள்விக்காக அவனுக்கு வருஷம் முழுக்க பிரியாணி வாங்கித் தரலாம்! இந்தியாவில் ஒவ்வொரு வழக்குக்கும் அப்படி ஒரு எண் இருக்கிறதாம், பதினாறு இடம். முதல் இரண்டு எழுத்து மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், பிறகு எந்த கோர்ட், பிறகு ஆறு இலக்க வரிசை எண், கடைசி நாலு வருஷம். 'இ-கோர்ட்ஸ்' செயலியில் அதைத் தட்டினேன். தம்பி பெயர், ஸ்டேஷன் பெயர், பிரிவுகள், அடுத்த வாய்தா, அன்றைக்கு என்ன வேலை என்பதுவரை எல்லாம் கண் முன்னால். பைசா செலவில்லை.

அதோடு விட்டேனா? பழைய வாய்தா தேதிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் தொட்டால் அன்றைக்கு நடந்தது ஒரு வரியில் விரிகிறது. மூன்று வாய்தா தொடர்ந்து ஒரே சங்கதி: சாட்சி வரவில்லை, மறுபடி சம்மன். தம்பியால்தான் இழுக்கிறது என்று அம்மா அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள், அன்றோடு நிறுத்திவிட்டாள். இன்னொரு தேதியில் '317 அனுமதிக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் வர முடியாத நாளில் வக்கீல் போடும் மனு அது. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் அதே காரியம் 355-வது பிரிவாகிவிட்டது. கோர்ட் வராந்தாவில் பழக்கம் விடுமா, இன்னும் 317-தான்.

செயலியை எப்படிப் பயன்படுத்துவது என்று உச்ச நீதிமன்றத்தின் இ-கமிட்டி 2021-ல் பதினான்கு மொழிகளில் கையேடே போட்டிருக்கிறது. தமிழிலும் உண்டு. எனக்கு அதுதான் வாத்தியார்.

எஃப்.ஐ.ஆர். கதை இன்னும் ருசி. 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் மாவட்டம், ஸ்டேஷன், வருஷம், எண் கொடுத்து எங்களுடையதை எடுத்தேன். நடந்த மறுநாளே இது தெரிந்திருந்தால் எத்தனை நடை மிச்சமாகியிருக்கும்!

குறை இல்லையா என்றால், உண்டு. வழக்கு எண் தெரியாமல் பெயரை வைத்துத் தேடினால் 'முருகேசனை' எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுத முடியுமோ அத்தனையும் போட்டுப் பார்க்க வேண்டும். இணையதளத்தில் தேடும்போது படத்தில் கோணலாக நெளியும் எழுத்துகளைச் சரியாக அடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிடுகிறது. சில நாள் விவரம் ஏற சாயங்காலம் ஆகிறது; அதனால் முந்தின நாள் வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களும் கவலைப்பட வேண்டாம். ஆங்கிலத்தில் 'இகோர்ட்ஸ்' என்று அடித்து, ஒரு இடம் விட்டு, சி.என்.ஆர். எண்ணைப் போட்டு 9766899899-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் போதும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் இலவச சட்ட உதவிக்கு 15100.

உங்கள் வீட்டில் வழக்கு ஏதும் இருந்தால், நாளைக்கே வக்கீலிடம் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, காலண்டர் அட்டையின் பின்பக்கம் பெரிதாக எழுதி வையுங்கள்.