பாசறை ஓலையும் தேற்றா விதையும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை நோக்கித் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில், மாங்காட்டுக்கும் களுதாவளைக்கும் இடையே அமைந்த ஊர் தேற்றாத்தீவு. கிழக்கே வங்கக் கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியும் அமைய, வெற்றிலைத் தோட்டங்களும் தென்னஞ்சோலைகளும் பொலிய, கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயிலைத் தன்பாற் கொண்டு விளங்குவது அது. தேற்றா மரங்கள் மலிந்திருந்தமையால் அப்பெயர் எய்திற்று என்பர். தேற்றாவின் விதையைக் கலத்தின் உட்புறத்தே உரைத்து நீரை வார்த்தால் கலங்கிய நீர் தெளியும். அம்மரத்துக்கு இல்லம் என்பதும் பழம்பெயர். பிரிவாற் கலங்கிய பெண்ணொருத்தி தலைவன் வரவால் தெளிந்தமைக்கு, இல்லத்தின் விதையால் தெளிந்த நீரை உவமை கூறுகின்றது நெய்தற்கலி. தேற்றுதல் என்னும் சொல் தெளிவித்தலையும் ஆறுதல் கூறுதலையும் ஒருங்கே குறிப்பது. இல்லம் என்னும் சொல் மரத்தையும் மனையையும் ஒருங்கே குறிப்பது. போர்முனையில் நிற்கும் ஒருவன் தன் மனைக்கு எழுதும் கடிதத்தின் இயல்பை ஆராயப் புகுவார்க்கு இவ்விரு சொற்களினும் சிறந்த வாயில் வேறில்லை.

பாசறையில் இருப்பவன் மனையை நினைதலும், மனையில் இருப்பவள் பாசறையை நினைதலும் தமிழிலக்கியத்தின் தொன்மையான பொருள்களாகும். முல்லைப்பாட்டின் அரசன் பாசறையில் உறக்கமின்றிக் கிடக்கின்றான். புண்பட்ட களிறுகளையும் பட்டு வீழ்ந்த வீரரையும் எண்ணுகின்றான். நெடுநல்வாடையின் அரசன் நள்ளிரவில் புண்பட்ட வீரரை நேரிற் கண்டு ஆற்றுவிக்கின்றான். இரு பாட்டிலும் அரசி அரண்மனையிலிருந்து வருந்துகின்றாள். ஆயின் ஒரு செய்தி குறிக்கத்தக்கது. பாசறைக்கும் மனைக்கும் இடையே இவ்விரு பாட்டிலும் ஓலை எதுவும் செல்வதில்லை. அவ்விடத்தை முல்லைப்பாட்டில் நிரப்புவது விரிச்சியாகும். முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று நற்சொற் கேட்டு நிற்கின்றனர். தாய்ப்பசுவைக் காணாது வருந்தும் கன்றை நோக்கி, உன் தாய் இப்பொழுதே வருவாள் என ஆய்மகள் ஒருத்தி கூறும் சொல் அவர் செவியில் விழுகின்றது. தலைவன் வருவான் என்பதற்கு அதுவே சான்றாகின்றது. எழுதப்பெறாத கடிதத்தை அயலாள் ஒருத்தியின் வாய்ச்சொல்லிற் படித்தறியும் முறை இது.

இவ்விலக்கியத்தின் மற்றோர் இயல்பும் நோக்கற்பாலது. பாசறையிலிருந்து மனையை நினைந்து பேசுவோன் பெரும்பாலும் தலைவனே. பெயரறியாப் படைவீரன் புண்பட்டவனாகவோ பட்டவனாகவோ தோன்றுகின்றான்; தன் தாய்க்கு அவன் கூற நினைத்தது யாது என்பது பதிவாகவில்லை. வீரனின் மனையைப் பாடும் புறப்பாட்டிலும் பேசுபவள் தாயே. மகன் எங்கே என வினவியவளுக்குக் காவற்பெண்டு பாடிய தாய், அவன் இருக்குமிடம் தான் அறியாள் எனவும், புலி கிடந்து நீங்கிய கல்முழை போன்றது தன் வயிறு எனவும், போர்க்களத்தில் அவன் தோன்றுவான் எனவும் விடை கூறுகின்றாள். அவ்விடையிலுள்ள 'அறியேன்' என்னும் சொல் செருக்கின்பாற்பட்டது. அச்சொல்லே வேறொரு காலத்தில் வேறொரு தாயின் வாயில் எத்தகைய பொருள் எய்திற்று என்பது பின்னர்ப் புலப்படும்.

படைவீரன் தானே தன் குரலில் வீட்டுக்குப் பேசிய பெருந்தொகுதியை உலகிற்கு அளித்தவற்றுள் தலையாயது 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போராகும். அப்போரில் இரு தரப்பு வெள்ளையருள்ளும் எழுதப் படிக்கத் தெரிந்தோர் மிகுதி. வீரர் கடிதங்களை முறையாகத் தணிக்கை செய்யும் ஏற்பாடும் அக்காலத்தில் இல்லை. வடபுலப் படையினர் முத்திரைத்தலை ஒட்டாமலே, வீரன் கடிதம் என மேலே குறித்து அஞ்சலில் இடும் வசதியும் பெற்றிருந்தனர். வரலாற்றறிஞர் சேம்ஸ் மக்பேர்சன் 1997இல் வெளியிட்ட நூலுக்காக இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்களைப் பயின்றார் என்பதிலிருந்தே அத்தொகுதியின் பெருக்கத்தை உணரலாம்.

அவற்றுள் பெரும்புகழ் பெற்றது சலிவன் பலூ என்பார் தம் மனைவி சாராவுக்கு 1861 ஆம் ஆண்டு யூலை 14ஆந் திகதி எழுதியது. ஒரு கிழமை கழித்து நிகழ்ந்த முதற் புல்றன் போரிற் படுகாயமுற்று அவர் மாண்டார். அக்கடிதம் அஞ்சலில் இடப்படாது அவருடைய பெட்டியிற் கிடந்து பின்னரே மனைவியின் கைக்குச் சென்றது என்பர். 1990இல் ஒளிபரப்பான தொலைக்காட்சி வரலாற்றுத் தொடர் ஒன்றில் வாசிக்கப்பெற்று அது பல்லாயிரவரின் கண்ணை நனைத்தது. நாட்டுக்கடனும் மனைக்காதலும் தம்முள் மோத, இரண்டையும் கைவிடாத உள்ளத்தின் உரை அது. ஆயினும் சட்டம் பயின்று மேடையிற் பேசிப் பழகிய ஒருவரின் பயிற்சி அதிற் தெரிகின்றது. மூலப்படி இன்று கிடைத்திலது, படிகளே உள. புகழ் ஒன்றே கொண்டு அதனைத் தலைக்கடிதமாக வைத்தல் திறனாய்வுக்கு ஒவ்வாது.

அதனோடு வைத்து எண்ணத்தக்கது இசுபொற்சுவுட் றைசு என்னும் கறுப்பினப் படைவீரர் 1864 செத்தெம்பரில் செயின்ற் லூயிசிலுள்ள படை மருத்துவமனையிலிருந்து எழுதிய கடிதம். அது அவர்தம் புதல்வியர்க்கு எழுதப்பட்டது. புதல்வியரோ அப்பொழுதும் மிசூரியில் அடிமைகளாக இருந்தனர். தந்தை படையினரோடு வந்து உங்களை மீட்பேன் என உறுதி கூறுகின்றார். மகளை வைத்திருந்த பெண்மணிக்கும் தனியே ஒரு கடிதம் விடுக்கின்றார். அப்பிள்ளை கடவுள் தமக்கு அளித்த உரிமை என அதில் வாதிடுகின்றார். எழுத்துப் பிழைகள் மலிந்தது. அணியென ஒன்றும் இல்லாதது. பலூவின் கடிதத்தில் தந்தை ஒருவர் வீரராகி மனையை விட்டுச் செல்கின்றார். றைசின் கடிதத்தில் வீரராகிய பின்னரே ஒருவர் தந்தையாகும் உரிமையைப் பெறுகின்றார். முன்னதிற் கடிதம் பிரிவை உரைப்பது. பின்னதிற் கடிதமே செயலாகின்றது. வீட்டுக் கடிதத்தின் பெருமை அதன் சொல்லழகில் இல்லை, அதனால் எழுதுவோன் எதனைப் பணயம் வைக்கின்றான் என்பதிலேயே உள்ளது என்னும் உண்மையை இவ்விரண்டின் ஒப்பீடு நிறுவும்.

தடையற்று எழுதியோரின் நிலை இதுவாயின், தடைக்குட்பட்டு எழுதியோரின் நிலை வேறு. முதலாம் உலகப் போரில் பிரான்சில் நின்ற இந்தியப் படைவீரர் பலர் எழுத்தறியாதவர். பிறரைக் கொண்டு எழுதுவித்தனர். அக்கடிதங்களைத் தணிக்கையாளர் படித்த பின்னரே ஊருக்கு விடுத்தனர். ஆதலின் இந்தியப் படையைக் கருமிளகு எனவும் வெள்ளையர் படையைச் செம்மிளகு எனவும் மறைத்துக் கூறும் வழக்கு எழுந்தது. கருமிளகு தீர்ந்துவருகின்றது என்று ஒருவன் எழுதினால் ஊரிலுள்ளோர் உயிரிழப்பை உணர்ந்தனர். தடை கடிதத்தை ஊமையாக்கவில்லை. குறிப்புப்பொருளை அதற்குக் கற்பித்தது. இறைச்சியும் உள்ளுறையும் கண்ட மரபினர்க்கு இது வியப்பன்று.

இனி ஈழத்தின் கிழக்குக் கரைக்கு வருவோர், 1983 முதல் 2009 வரை நீண்ட உள்நாட்டுப் போரில் வீட்டுக் கடிதம் எய்திய நிலையைக் காண்பர். 1990க்குப் பின் நெடுங்காலம் தேற்றாத்தீவு முதலிய எழுவான்கரை ஊர்கள் பெரும்பாலும் அரச படையினர் வசமும், வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரை பெரும்பாலும் விடுதலைப் புலிகள் வசமும் இருந்தன. குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும், குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும் தோணித்துறை உண்டு. கூப்பிடு தொலைவே ஆயினும் வாவி எல்லையாயிற்று. இயக்கத்திற் சேர்ந்தோர் இயற்பெயர் துறந்து வேறு பெயர் பூண்டனர். அவருள் விரும்பிச் சென்றோரும் உளர். வலிந்து கொண்டுசெல்லப்பட்டோரும் உளர். பருவம் எய்தாச் சிறாரும் உளர். பெயர் மாறியவனுக்கு எம்முகவரியில் எழுதுவது? அவன் எழுதியது கைமாறி வந்து சேரினும் அதனை வீட்டில் வைத்திருப்பதே ஐயத்துக்கு இடமாகும் என்னும் அச்சம் இருந்தது. கூரைக்குள் செருகப்பட்டதும் அடுப்பில் இடப்பட்டதுமாக இத்தகைய எழுத்துக்கள் அழிந்தன. எஞ்சியவற்றுட் சிலவற்றை 2004 திசம்பர் 26ஆந் திகதி கடல் கொண்டது. அதே ஆண்டு மார்ச்சில் இயக்கம் இரண்டுபட்டு, ஏப்ரலில் வெருகல் ஆற்றங்கரையில் உடன்பிறந்தார் போன்றோர் ஒருவரையொருவர் எதிர்த்து நின்றனர். உள்நாட்டுப் போருக்குள்ளும் ஓர் உள்நாட்டுப் போர் மூண்ட அந்நாளில், எத்தரப்பிலிருந்து வரும் கடிதத்தை எதிர்நோக்குவது என்பதே தாய்மார்க்கு விளங்காதாயிற்று.

எதிர்த்தரப்பின் மனைகளும் துயருக்குப் புறம்பானவை அல்ல. பிரசன்ன விதானகே 1997இல் ஆக்கிய 'புரஹந்த களுவர' என்னும் சிங்களத் திரைப்படத்தில், கண்பார்வையற்ற தந்தை ஒருவரிடம் படைவீரனாகிய மகனின் உடல் எனக் கூறி முத்திரையிட்ட பெட்டி ஒன்று ஒப்படைக்கப்படுகின்றது. அவர் அதனை நம்ப மறுக்கின்றார். ஈற்றில் தோண்டிப் பார்க்குமிடத்து உடல் அதனுள் இல்லை. திறக்கக் கூடாத பெட்டியும் ஒருவகைக் கடிதமே. அதனைக் கண்ணாற் காணாதவர் சரியாகப் படித்தார் என்பதே அப்படத்தின் நுட்பம்.

போர்க்காலத்தில் வெளிப்படையாகச் செல்லத்தக்க வீட்டுக் கடிதமாக எஞ்சியது செஞ்சிலுவைச் செய்தியாகும். சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு 1989 முதல் இலங்கையிற் பணிபுரிந்து, அரசின் தடுப்புக்காவலில் இருந்தோர்க்கும் புலிகளிடம் சிறைப்பட்ட படையினர்க்கும் அவரவர் குடும்பத்துக்கும் இடையே இச்செய்திகளைக் கொண்டுசென்றது. அது மூடப்படாத தாள், காவலர் படிக்கலாம், குடும்பச் செய்தியன்றிப் பிறிதொன்றும் எழுதலாகாது. இதனை இலக்கிய வடிவமாகக் கொள்ளலாமா என ஐயுறுவோர் உளர். வெண்பாவுக்குத் தளை உண்டு. இதற்கும் தளை உண்டு. அரசியலும் போரும் விலக்கப்பட்ட தாளில் 'நலம். தங்கச்சி பள்ளிக்குப் போகிறாளா?' என்னும் வினா மாத்திரம் நிற்குமாயின், அவ்வினா சுமப்பது சிறிய பாரமன்று. எழுதப்பட்ட நாளில் எழுதியவன் உயிரோடிருந்தான் என்பதற்கு அவன் கையெழுத்தே சான்று.

இத்தாளும் கிட்டாதோர் எங்ஙனம் ஆற்றியிருந்தனர்? முல்லைப்பாட்டின் விரிச்சி ஈண்டு மீண்டும் உயிர்பெற்றது. மட்டக்களப்பின் அம்மன் கோயில்களில் தெய்வம் உற்றோர் வாக்குச் சொல்லும் வழக்கு உண்டு. காணாமற்போன மகன் உளனோ இலனோ எனத் தாய்மார் அவர்பாற் சென்று கேட்டனர். மானிடவியலறிஞர் பற்றீசியா லோறன்சு 1990களில் இதனை நேரில் ஆராய்ந்து எழுதியுள்ளார். தெய்வம் உற்றவர் அழும் தாயின் நோவைத் தம் உடலில் ஏற்றுப் பேசினர். அஞ்சல் அற்ற நாட்டில் வாக்கே ஓலையாயிற்று. 'அறியேன்' என்னும் காவற்பெண்டின் சொல்லைத் தாய்மார் விசாரணைக் குழுக்களின் முன்னிலையிலும் வீதியோரப் போராட்டப் பந்தல்களிலும் கூறினர். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பின்னரும் கூறினர். அன்று செருக்காயிருந்த சொல் இன்று வழக்காயிற்று.

கண்ணகி வழிபாடு வேரூன்றிய இக்கரையில் சிலப்பதிகாரத்தின் ஓலை ஒன்றும் நினைவுக்கு உரியது. மாதவி கோவலனுக்கு விடுத்த ஓலையைக் கோசிகன் வழியிடைக் கொணர்ந்து கொடுக்கின்றான். படித்த கோவலன், அதிலுள்ள வணக்கமும் பிழைபொறுக்கும் வேண்டுதலும் தன் பெற்றோர்க்குத் தான் கூற வேண்டியனவாகவே அமைந்துள்ளமை கண்டு, அவ்வோலையையே அவர்க்குக் காட்டுமாறு திருப்பி அனுப்புகின்றான். பிறர் எழுதிய ஓலை மகனின் இறுதிக் கடிதமாகின்றது. அதன் பின் அவன் இறந்தமை கேட்டுத் தாய் மாள்கின்றாள். தந்தை துறவு பூணுகின்றான். தன் சொல் கிட்டாதவன் பிறர் சொல்லால் வீட்டுக்குப் பேசலாம் என்னும் இளங்கோவின் நுண்ணறிவே, வாக்குக் கேட்டு நின்ற தாய்மாரின் செயலுக்கும் விளக்கமாகின்றது.

தனிமனிதர் கடிதம் இலக்கியமாகாது என்பார் கூற்று இவற்றால் வலியிழக்கும். ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டற்பாலது. நூலக நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவிற் பேணிவருகின்றது. எஞ்சிய போர்க்காலக் கடிதங்களும் அங்ஙனம் பேணத்தக்கன. ஆனால் அவை முதற்கண் ஒரு தாய்க்கோ தங்கைக்கோ உரியவை. அவர் இசைவின்றி எடுத்தல் இரண்டாம் முறை பறித்தலாகும். ஒரு தரப்பின் கடிதத்தை மாத்திரம் பேணி மறுதரப்பினதை விடுத்தலும், கடிதத்தின் துயரை எடுத்துக் கொடியின் பெருமைக்கு ஆக்குதலும் அவ்வெழுத்துக்கு இழைக்கும் தீங்காகும். வீட்டுக்கு எழுதியவன் வீட்டுக்கே எழுதினான்.

தேற்றா விதையின் தொழில் ஈண்டு மீண்டும் எண்ணத்தக்கது. அது கலங்கலை அழிப்பதில்லை. அடியிற் படியச் செய்கின்றது. மேலே நீர் தெளிந்திருப்பினும் மண் கலத்தினுள்ளேயே இருக்கின்றது. கலத்தை அசைப்பவர் அதனை அறிந்து அசைத்தல் வேண்டும்.