றிசானா கவிதைகளில் இல்லாத தொழிலாளி

எங்கள் கதிரவெளியிலிருந்து வடக்கே, வெருகல் ஆற்றைக் கடந்து போனால் மூதூர். அந்த ஊர்ப் பிள்ளை றிசானா நபீக்கிற்கு 2013 ஜனவரி 9ஆம் திகதி சவூதி அரேபியாவில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அப்போது நம்மவர்கள் எழுதிய கவிதைகளில் கைக்குக் கிடைத்தவற்றைச் சேர்த்து வைத்திருந்தேன். அண்மையில் அவற்றை ஒருசேர வாசித்தபோது ஒரு குறை நெருடியது.

அவற்றில் அவள் மொட்டாகிறாள், சிறகொடிந்த பறவையாகிறாள். தொழிலாளியாக மட்டும் ஆகவில்லை. தீர்ப்பு ஷரீஆவுக்கு ஏற்றதா என வாதாடியோரும் அவளை அப்படிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இது வெறும் சொல் பற்றிய பிரச்சினையல்ல. மொட்டு உதிர்ந்தால் விதியை நொந்துகொள்ளலாம். தொழிலாளி என்றால் அனுப்பியவர் யார், காத்த சட்டம் எது என்று கேட்டாக வேண்டும். றிசானா பிறந்தது 1988இல், கடவுச்சீட்டிலோ 1982. 2005 மே மாதம் அங்கு போய்ச் சேர்ந்தவளிடம் நான்கு மாதக் குழந்தை ஒப்படைக்கப்பட்டது. சில வாரங்களுக்குள் குழந்தை இறந்தது. ஆரம்ப விசாரணையில் அவளுக்குச் சட்டத்தரணி இல்லை. எசமானின் அனுமதியின்றி வேலை மாறவோ நாடு திரும்பவோ விடாத கபாலா முறை அன்று அங்கிருந்தது. அந்நாட்டின் தொழிற்சட்டம் வீட்டுப் பணியாளரைச் சேர்க்கவில்லை. அவர்களுக்கான தனி விதிகள் 2013 ஜூலையில்தான் வந்தன.

நம் நாடு மட்டுமென்ன? கட்டாய உழைப்புக்கு எதிரான 29ஆம் இலக்க சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1950இலேயே ஏற்றது. கடன் அடிமைத்தனத்தையும் கட்டாய உழைப்பையும் குற்றமாக்கும் பிரிவு தண்டனைச் சட்டக்கோவையில் சேர்ந்ததோ 2006இல். அதற்கு முந்திய ஆண்டே றிசானா போய்விட்டாள்.

கவிதை சட்டப் புத்தகமல்லவே என்பீர்கள். உண்மைதான். ஆனால் கவிதைக்கு விபரம் வேண்டும். என் வகுப்பிலும் ஒரு மாணவி இடைவிலகினாள். இடாப்பில் அவளுக்குப் பதினாறு வயது; முகவரின் தாளில் இருபத்திரண்டு என்று பின்னர் அறிந்தேன். பெயரை வெட்டிவிட்டு நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். ஆகவே இந்த விமர்சனம் எனக்கும் சேர்த்துத்தான்.

றிசானாவுக்காக அழுத கவிதைகள் பொய்யானவையல்ல. எனினும், கடவுச்சீட்டில் கூட்டி எழுதப்பட்ட அந்த ஆறு வருடங்களைப் பற்றி ஒரு கவிதை இருந்திருந்தால், அடுத்த பிள்ளையின் வாப்பா முகவரிடம் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார்.