ஊசியும் அட்டையும்: பள்ளிக்கூட வாசலில் சில குறிப்புகள்

காரியாபட்டியில் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு பெண், பட்டாசு ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவர், ஒரு ஜூன் மாதக் காலையில் வாசலில் வந்து நின்றார். "அண்ணே, ஊசி அட்டை இல்லாம பையன எல்.கே.ஜி.ல சேக்க மாட்டாகளாம். எல்லா ஊசியும் போட்டாச்சுண்ணே. அட்டதான் மழையில நனைஞ்சு கூழாப் போச்சு." கூடப் போனேன். அந்தத் தனியார் பள்ளியின் பெயர் இங்கே வேண்டியதில்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் பையனை ஏறிட்டும் பார்க்கவில்லை. கார்டு இருக்கா, இல்லையா என்பதோடு பேச்சு முடிந்தது. அம்மா பையனின் சட்டையை விலக்கி இடது தோளில் இருந்த பி.சி.ஜி. தழும்பைக் காட்டினார். தழும்பு செல்லாது, காகிதம்தான் செல்லும் என்றார்கள்.

அன்றிலிருந்து இந்த அட்டையை ஒரு பிரதியாக வாசித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யார் யாருக்காக எழுதிய பிரதி இது? பள்ளி வாசலில் இதை நீட்டச் சொல்லும்போது என்ன நடக்கிறது?

நம் சிற்றிதழ்ச் சூழலில் இதற்கு ஒரு தயார் பதில் உண்டு. தடுப்பூசி என்பது உடலின் மீதான அதிகாரம், மருத்துவம் ஒரு கண்காணிப்புச் சொல்லாடல், ஆகவே மறுப்பு என்பது எதிர்ப்பு. எதிர்த்தரப்பின் பதிலும் தயார்தான்: அறிவியல் சொல்லிவிட்டது, போடாத பெற்றோரைத் தண்டி, பிள்ளையை வெளியே நிறுத்து. இரண்டு பதில்களிலும் எங்கள் தெருப் பெண்ணுக்கு இடமில்லை. அவர் ஊசியை மறுக்கவில்லை. ஊசி போட்டும் வெளியே நிற்கிறார்.

ஃபூக்கோவையே கொஞ்சம் கவனமாக வாசிக்கலாம். 1978இல் ஆற்றிய உரைகளில் அவர் மூன்று நோய்களைக் கொண்டு மூன்று அதிகார முறைகளைப் பிரித்துக் காட்டுகிறார். தொழுநோயாளியை ஊருக்கு வெளியே தள்ளுவது ஒன்று. கொள்ளைநோய் கண்ட ஊரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு வீட்டையும் கண்காணிப்பது இன்னொன்று. பெரியம்மைக்கு வரும்போது அரசு எத்தனை பேருக்கு வந்தது, எத்தனை பேர் செத்தார்கள் என்று கணக்குப் போட்டு மொத்த மக்கள்தொகையையும் பேணத் தொடங்குகிறது. தடுப்பூசி இந்த மூன்றாவது முறையைச் சேர்ந்தது. ஆனால் அட்டை இல்லாத பிள்ளையை வாசலில் நிறுத்துகிறபோது அது முதல் முறைக்குத் திரும்பிவிடுகிறது. பேணுவதற்காக வந்த கருவி விலக்குவதற்கான கருவியாகிறது. நம் விமர்சனம் குறி வைக்கவேண்டிய இடம் இது. ஊசி முனையைக் குறி வைத்து நேரத்தைக் கழித்துவிட்டோம்.

என் சுயவிமர்சனமும் இதில் உண்டு. இருக்கன்குடி மாரியம்மனையும் வேப்பிலையையும் முன்வைத்து, நாட்டார் மரபு நோயை விருந்தாளியாக ஏற்றது, நவீன மருத்துவம் அதை எதிரியாக்கியது என்று பேசித் திரிந்தவன் நான். என் அப்பத்தா முகமெல்லாம் அம்மைத் தழும்போடு வாழ்ந்தவர். ஒருநாள் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆத்தா வந்தான்னு கும்புட்டோம், சரிதேன். வராம இருந்தா நல்லதுன்னுதானய்யா கும்புட்டோம்." என் கோட்பாட்டில் இந்த வாக்கியத்துக்கு இடமில்லாமல் இருந்தது. இந்தியாவில் கடைசியாகப் பெரியம்மை கண்டது 1975இல். அந்த இறுதிக்கட்ட ஒழிப்பு இயக்கத்தில் சில இடங்களில் வலுக்கட்டாயமும் நடந்தது. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்கவேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கிற பழக்கம் இரு தரப்புக்கும் இருக்கிறது.

மறுப்பு தன்னளவில் முற்போக்கானது அல்ல என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. 1955இல் பி.சி.ஜி. ஊசி இயக்கத்தை எதிர்த்துக் கடுமையாக எழுதியவர் ராஜாஜி. பிள்ளைகளைப் பள்ளியில் பாதி நேரம் வைத்து, மீதி நேரம் குடும்பத் தொழிலைக் கற்கச் சொல்லும் கல்வித் திட்டத்தை 1953இல் கொண்டுவந்தவரும் அவரே. உடலின் சுதந்திரத்தை உரத்துப் பேசியவருக்குக் கல்வியின் சுதந்திரம் கண்ணில் படவில்லை. 1954இல் பதவிக்கு வந்து அந்தத் திட்டத்தைக் கைவிட்டவர் விருதுநகர்க்காரரான காமராஜர். ஆனால் ராஜாஜியின் சந்தேகத்தை மூடத்தனம் என்று தள்ளவும் முடியாது. 1968இல் செங்கல்பட்டில் சுமார் 2.6 லட்சம் பேரிடம் தொடங்கிய பெரும் ஆய்வு, வயது வந்தோரின் நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை என்றே காட்டியது. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடும் காசநோயிலிருந்து காப்பதால் அது இன்றும் போடப்படுகிறது. அறிவியல் தன்னைத் திருத்திக்கொண்ட இந்தக் கதையை மக்களிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லாமல் கையை மட்டும் நீட்டச் சொன்னார்கள்.

நம்பிக்கை எப்படி உடைகிறது என்று பார்ப்போம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு கிராமத்துக்கே வந்து ஊசி போடுவதை அரசு நிறுத்தியது. மருத்துவர் இருக்கும் சுகாதார நிலையத்துக்குத் தாய்மார்களே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் 1998-99இல் 88.8 சதவீதம். 2005-06இல் 80.9. 2015-16இல் 69.7. அந்த ஒரு முடிவே சரிவுக்கு முழுக் காரணம் என்று சொல்லமாட்டேன். சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆனால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறவேண்டிய தாய்க்குத் தூரமும் ஒரு மறுப்புதான். 2019-21இல் இந்த எண் 89.2க்கு ஏறியது. பள்ளி வாசலில் பிள்ளைகளைத் தடுக்கச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லாமலே ஏறியது.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி இயக்கம் பள்ளிகளுக்குள் வந்தபோது நடந்ததும் நினைவிருக்கும். ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் போடவேண்டும். வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. தனியார் பள்ளிப் பெற்றோர் பலர் தயங்க, இயக்கத்தின் கெடு நீட்டிக்கப்பட்டது. தயங்கியவர்கள் படித்தவர்கள், கேள்வி கேட்கும் வசதி உள்ளவர்கள். அரசுப் பள்ளியில் வரிசையில் நின்ற பிள்ளையின் அம்மாவிடம் அனுமதியையும் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. ஒரே ஊசி. ஒருவரைப் பெற்றோராகவும் இன்னொருவரை மக்கள்தொகையாகவும் அழைக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? வழக்கமான குழந்தைத் தடுப்பூசிகளைப் பள்ளிச் சேர்க்கைக்கு நிபந்தனையாக்கும் தேசியச் சட்டம் இந்தியாவில் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வயதுச் சான்று இல்லை என்பதற்காகக்கூடப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது என்கிறது. ஆனால் அந்தச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுக்கு. எல்.கே.ஜி. வாசலிலும் குழந்தைக் காப்பக வாசலிலும் நிற்கிற மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு அந்தக் காவல் இல்லை. கோவிட் ஊசி பற்றிய ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் யாரையும் ஊசி போடக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. மக்கள் நலனுக்காகத் தனி உரிமைக்கு அளவான வரம்பு விதிக்கலாம் என்பதையும் அதே தீர்ப்பு ஏற்றது. நம் நண்பர்கள் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

வெளிநாட்டைக் காட்டி வாதிடுபவர்களும் உண்டு. அமெரிக்காவில் பள்ளி நிபந்தனை செல்லும் என்று 1922லேயே அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆஸ்திரேலியாவில் ஊசி போடாத பிள்ளையின் குடும்பத்துக்கு 2016 முதல் அரசு உதவித்தொகைகள் சில கிடைப்பதில்லை. ஆனால் அங்கே பிள்ளையின் ஊசிக் கணக்கை அரசின் பதிவேடே சுமக்கிறது. இங்கே அம்மா சுமக்கிறார், ஓட்டு வீட்டில், தகரப் பெட்டியில். வேண்டாம் என்பவரைத் தடுக்க அங்கே போட்ட விதி, காகிதம் இல்லாதவரை இங்கே தடுக்கிறது.

இந்தக் கந்தக பூமியில் பள்ளி வாசலுக்கு வேறு அர்த்தமும் இருக்கிறது. விடியுமுன் பஸ் வந்து பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அள்ளிக்கொண்டு போன காலம் நம் ஞாபகத்தில்தான் இருக்கிறது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1996 டிசம்பரில். அந்த பஸ்ஸிலிருந்து பிள்ளைகளை இறக்கியது பள்ளிக்கூடம். இங்கே அந்த வாசலை எந்த நல்ல காரணத்துக்காகவும் சாத்தக்கூடாது. தட்டம்மை பரவாமல் நிற்க நூற்றுக்கு 95 பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது உண்மைதான். சத்துக்குறைவான பிள்ளைகளைத்தான் அது அதிகம் கொல்லும் என்பதும் உண்மை. ஆகவே ஊசி வேண்டும் என்று நாம்தான் முதலில் கேட்கவேண்டும். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போடும் ஊசி ஏற்கெனவே பள்ளிக்கு வருகிறது. அதே வழியில் விடுபட்டதும் வரட்டும். சேர்க்கைப் படிவத்தில் அட்டையைப் பற்றிக் கேட்கட்டும். இல்லை என்று பதில் வந்தால் பள்ளி அந்தப் பெயரை நர்ஸிடம் கொடுக்கட்டும். பிள்ளை உள்ளே உட்கார்ந்திருக்கட்டும். என்ன ஊசி, எதற்கு, காய்ச்சல் வந்தால் யாரைப் பார்ப்பது, கெடுதல் நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதை அம்மாவிடம் தமிழில் சொல்லட்டும்.

எங்கள் தெருப் பெண் புதன்கிழமை வேலைக்குப் போகவில்லை. ஊசி போடும் நாள் அது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா பழைய பதிவேட்டைப் புரட்டிப் பையனின் பெயரைக் கண்டுபிடித்தார். எல்லாத் தேதியும் இருந்தது. புது அட்டையில் எழுதிக் கொடுத்தார். அட்டை கிடைக்க மூன்று நாள் கூலி போனது. பள்ளியில் அதை வாங்கிப் பார்த்தவர் தேதி எதையும் படிக்கவில்லை. ஒரு நகல் எடுத்துக் கோப்பில் வைத்தார்.