நூறு கேஸ் மிச்சம் பிடிக்கப் போய்...

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி குடோனுக்கு ஸ்டாக் மென்பொருள் எழுதினப்போ நான் செய்த தப்பு இது. நூல் இருப்பை முதலில் படித்து வைத்துக்கொண்டு, நடுவில் வேறு வேலை பார்த்துவிட்டு, அந்தப் பழைய எண்ணில் கூட்டி எழுதினேன். இடையில் இன்னொருவர் சலான் போட்டு மூட்டை எடுத்த கணக்கு காணாமல் போச்சு.

டோக்கன்களிலும் இதே கதைதான். ஐஎம்பிடிசி என்பது இஆர்சி-777 டோக்கன். கைமாறும் முன் அனுப்புபவரின் ஹூக்கைக் கூப்பிடும். 2020 ஏப்ரல் 19 அன்று லெண்ட்எஃப்.மீ-யின் டெபாசிட் ஃபங்ஷன் இருப்பைப் படித்து, கூட்டி வைத்துக்கொண்டு, டோக்கனை வாங்கப் போனது. ஹூக்குக்குள்ளேயே திருடன் போட்டதையெல்லாம் எடுத்துவிட்டான். ஃபங்ஷன் பழைய கூட்டலையே எழுதியது. போனது சுமார் 2.5 கோடி டாலர். பிறகு திரும்பி வந்தது அதிர்ஷ்டம்.

"ஹூக்குக்கு அப்புறம் மறுபடி படிப்பது கேஸ் வீண்" என்ற ஆப்டிமைசேஷன் எனக்கு ஒப்பவில்லை. கேஸ் என்பது எத்தீரியத்தின் பீஸ் ரேட் கூலி. அப்போது ஸ்டோரேஜை ஒருமுறை படிக்க 800 கேஸ். 2021 ஏப்ரல் பெர்லின் மாற்றத்துக்குப் பிறகு முதல் படிப்புக்கு 2,100. அதே டிரான்சாக்‌ஷனில் அதே இடத்தை மறுபடி படிக்க வெறும் 100. ஓப்பன்செப்பெலினின் இஆர்சி-777, அனுப்புபவர் ஹூக் முடிந்த பிறகுதான் இருப்பைப் படித்தது.

மிச்சம் பிடிக்க நியாயமான இடம் ஒன்று உண்டு: ஹூக்கே பதிவாகாத முகவரி. அங்கே அந்நியக் கோட் ஓடவில்லை; பழைய மதிப்பே போதும். கூப்பிட்டாச்சுன்னா, நோட்டைத் திரும்பப் பாருங்க.