குளிர்ப்பெட்டியும் கயிறும்

சவளக்கடை வயலோரப் பட்டியில் தடுப்பூசி வேலை விடியலிலேயே தொடங்க வேண்டும்; மாடுகள் மேய்ச்சலுக்குக் கலைந்தபின் ஒன்றும் பிடிபடாது. கால், வாய் நோய்க்கான மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். வெயில் பட்டாலும் கெடும், உறைந்தாலும் கெடும். ஆகவே ஒருவர் குளிர்ப்பெட்டியைக் காப்பார், ஒருவர் ஊசி போடுவார், ஒருவர் காதுத்தகட்டு இலக்கத்தைப் பதிவார்.

இவர்களுக்கெல்லாம் முதல் ஆள் பட்டிக்காரர்தான். “காக்கா, கயித்த இறுக்கிப் புடிங்க” என்று வைத்தியர் சொல்லுமுன்பே, சினைப்பசு எது, முட்டுகிற நாம்பன் எது என்று அவர் காட்டிவிடுவார்.

இன்னொரு மாட்டு நோயான வெக்கை நோய் ஒழிந்ததாக 2011இல் உலகம் அறிவித்தது. வெப்பம் தாங்கும் தடுப்பூசி அதற்குக் கைகொடுத்தது. ஆனாலும் மாட்டைப் பிடித்துக் கொடுக்க அந்த வேலையிலும் ஒரு பட்டிக்காரர் வேண்டியிருந்தது.